வயலுக்குக் குறுக்கே ஒரு வழி

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "கிழமை முழுக்க வார்டில் நடக்கிறேன், ஓய்வு நாளிலும் எதற்கப்பா நடக்க வேண்டும், அதுவும் சேற்றுக்குள்ளே?" என்று நீ கேட்டதும் அம்மா பக்கத்தில் இருந்து சிரித்துவிட்டாள், நானும் பேச்சை மாற்றிவிட்டேன். ஷெஃபீல்டுக்கு நீ வேலைக்குப் போய் நாலு மாதமாகிறது. நடக்கிறவர்கள் பொறாமைப்படும் ஓர் ஊரில் இருந்துகொண்டு சனி ஞாயிறை அறைக்குள் கழிக்கிறாயே என்ற மனத்தாங்கலில்தான் இதை ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

ஊரில் நான் நில அளவையாளனாக இருந்தபோது பாதி நாள் எல்லைத் தகராறுகளிலேயே போய்விடும். வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார்கள், ஒழுங்கையை அடைத்துவிட்டார்கள், கிணற்றுக்குப் போகும் வழியை மறித்துவிட்டார்கள் என்று ஓயாத வழக்கு. கூடப்பிறந்தவர்கள் ஒரு பூவரசங் கதியாலுக்காகப் பத்து வருடம் முகம் பாராமல் இருந்ததை, அளவைச் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு, இந்த இங்கிலாந்தில் ஒருவருடைய வயலின் நடுவால், அவரிடம் கேட்காமலும் அவர் ஏனென்று கேட்காமலும், வழியே போகிற எவரும் நடந்து போகலாம் என்பது முதலில் நம்பக்கூடியதாக இருக்கவில்லை.

முதன்முதலில் அதைக் கண்ணால் கண்ட இடம் இன்னும் நினைவில் இருக்கிறது. இடுப்பளவு பார்லி, இளம் பச்சையில், காற்றுக்குச் சாய்ந்து சாய்ந்து எழும்புகிறது. அதற்கு நடுவே, தலையில் சீப்பால் வகிடு எடுத்தது போல, நேர்கோடாக ஒரு மண் பாதை. அந்த வகிட்டை எடுத்தவர் வயற்காரர்தான். வயலுக்குக் குறுக்கே போகும் நடைபாதையை உழ அவருக்கு அனுமதி உண்டு; ஆனால் முதல் உழவுக்குப் பின் 14 நாட்களுக்குள் அதைத் திரும்பச் சீராக்கி, பயிர் வளர்ந்த பின்னும் குறைந்தது 1 மீற்றர் அகலத்துக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம். வயலின் ஓரமாகப் போகும் பாதை என்றால் அதை உழவே கூடாது. வேலி வருகிற இடத்தில் கடப்பு வைத்திருப்பார்கள். நம் ஊரில் ஆள் ஏறிக் கடக்கவும் மாடு வராமல் இருக்கவும் வைப்போமே, அதே சாமான்தான். கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவருக்கு மட்டும். நீல அம்பென்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் உரிமை உண்டு.

இந்த வழிகளை 1949ஆம் ஆண்டுச் சட்டம் வரைபடத்தில் ஏற்ற வைத்தது. ஊர் ஊராக எந்தப் பாதை பொதுப் பாதை என்று பதிந்து, அந்த வரைபடத்தையே சட்டச் சான்றாக ஆக்கினார்கள். ஒழுங்கைக்காக நீதிமன்றப் படியில் வருடக்கணக்காகக் காத்திருந்த எங்கள் சனத்தை நினைத்து அதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருந்தது. இங்கத்தைய அரசாங்க வரைபட நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு வரைபடத்தில் இவை பச்சைக் கோட்டுத் துண்டுகளாக இருக்கும்: குறுந்துண்டு நடைபாதை, நெடுந்துண்டு குதிரைப் பாதை. 4 சென்ரிமீற்றருக்கு 1 கிலோமீற்றர். நான் வேலை பார்த்த இலங்கை நில அளவைத் திணைக்களம் தொடங்கியது 1800இல், இவர்களுடையது 1791இல். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளேன்.

எனக்குப் பிடித்த நடை வென்டோவரிலிருந்து தொடங்குவது. ஹரோ ஒன் த ஹில்லில் ரயில் ஏறினால் மாறாமலே போய் இறங்கலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களில் ஏற்றம் தொடங்கிவிடும். 87 மைல் நீளமான ரிட்ஜ்வே பாதையின் ஒரு துண்டு அது. ஏறி முடிந்தால் கூம் ஹில், 260 மீற்றர், கீழே எய்ல்ஸ்பரிச் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். உச்சியில், தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் மாண்ட பக்கிங்ஹாம்ஷயர் வீரருக்கு 1904இல் எழுப்பிய தூண் நிற்கிறது. 1938இல் மின்னல் தாக்கிச் சிதைந்து திரும்பக் கட்டப்பட்டது. அதே யுத்தத்தில் பிடிபட்ட போயர் கைதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் அடைத்த இடங்களில் ஒன்று, இலங்கையில் நான் நில அளவை படித்த தியத்தலாவை. அந்தத் தூணடியில் இருந்து கட்டைச் சம்பலும் றொட்டியும் தின்னும்போதெல்லாம் இது ஞாபகத்துக்கு வரும். அம்மாவுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று அவளைக் கேள்.

அங்கிருந்து இறங்கினால் பிரதமரின் நாட்டுப்புற மாளிகையான செக்கர்ஸ். பாதை அந்த மாளிகையின் வாசலுக்குப் போகும் வீதியையே குறுக்கறுத்துக்கொண்டு போகிறது. ஒரு சின்னப் படலையைத் தள்ளி உள்ளே போய், வீதியைக் கடந்து, அடுத்த படலையால் வெளியே வந்துவிடலாம். கமெராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும், பாதையை விட்டு விலகினால் அது குற்றம் என்று பலகையும் உண்டு. ஆனால் அந்தக் கோட்டின் மேல் நிற்கும் வரைக்கும் என்னை எவரும் ஒன்றும் சொல்ல ஏலாது. முதல் தடவை நான் வேண்டுமென்றே சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரி அதன் நடுவில் ஒரு நிமிடம் குனிந்து நின்றேன்.

வானத்தில் எப்போதும் இரண்டு மூன்று பருந்துகள் வட்டமிடும். நம் ஊரில் கருடன் என்று கும்பிடுகிற செம்பருந்து அல்ல. இது ரெட் கைட், வால் பிளந்திருக்கும். இங்கிலாந்தில் அடியோடு அழிந்துபோன இந்த இனத்தை ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து 1989க்கும் 1994க்கும் இடையில் இந்த மலைகளில் விட்டார்கள். போன வருடம் ஏப்ரல் கடைசியில் அம்மாவும் வந்தாள். பீச் மரங்கள் இலை விட்டு வெயிலை மறைக்குமுன் பூத்து முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் காட்டு நிலம் முழுக்க புளூபெல் நீலமாகக் கிடந்தது. அம்மாவோ அதைக் கவனிக்கவில்லை. திடீரென்று நின்று, "இங்கே யாரோ உள்ளி தாளிக்கிறார்கள்" என்றாள். காலடியில் அகன்ற இலையோடு வெள்ளைப் பூப் பூத்த காட்டு உள்ளி. ஓர் இலையைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொண்டே மிச்ச வழியெல்லாம் நடந்தாள்.

எல்லா நாளும் இப்படி அமையும் என்று எண்ணிவிடாதே. ஒரு மாசி மாதம் தொலைபேசியை மட்டும் நம்பிப் போனேன். குளிரில் மின்கலம் செத்துவிட்டது. வழி தவறிக் களிமண் சேற்றில் ஒரு சப்பாத்தைப் புதைய விட்டு, அதைக் கையால் தோண்டி எடுத்தேன். இரண்டு வயல் தூரத்துக்கு ஒரு கூட்டம் நாம்பன் மாடுகள் பின்னாலேயே வந்தன. அவை வேடிக்கை பார்க்கத்தான் வருகின்றன என்பது பிறகுதான் விளங்கியது. ஓடாமல் நிதானமாக நடந்தால் போதும். கன்றோடு நிற்கிற பசுவை மட்டும் சுற்றிப் போ.

உன் பக்கத்துக்கு வருகிறேன். ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் சுமார் அரை மணியில் ஈடேல் கிராமம். மேலே நிற்கும் கிண்டர் ஸ்கவுட் 636 மீற்றர். முன்பு அது வேட்டைப் பறவைக்காகக் காவல் போட்டு மூடியிருந்த தனியார் நிலம். 1932 ஏப்ரல் 24 அன்று மன்செஸ்டர்த் தொழிலாளர்கள் அந்தத் தடையை மீறி ஹேஃபீல்ட் பக்கமிருந்து கூட்டமாக ஏறினார்கள். ஷெஃபீல்ட்காரர்கள் ஈடேல் பக்கமாக வந்து அவர்களைச் சந்தித்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அத்துமீறி நுழைந்ததற்காக அல்ல, அது அப்போது குற்றமே அல்ல. காவலாட்களோடு நடந்த கைகலப்பைச் சாட்டித்தான். 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற அந்தப் பகுதி நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அத்தகைய மேட்டுநிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892இல் சொன்னது இன்னும் உதவும்: மணிக்கு 3 மைல், 2000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. என் வயதுக்கு இன்னும் அரை மணி கூட்டிக்கொள். மே மாதம் உனக்கு விடுமுறையுள்ள முதல் சனிக்கு முதல்நாள் பின்னேரம் வருகிறேன். அந்தப் பக்கத்துக்கான டார்க் பீக் வரைபடம் நான் கொண்டு வருவேன், கட்டைச் சம்பல் அம்மா தந்துவிடுவாள். சப்பாத்தை மட்டும் நீயே கடையில் போட்டுப் பார்த்து வாங்கு. தடித்த காலுறையோடு போட்டுப் பார், அரை அளவு பெரிதாக எடு, வாங்கியதும் ஒரு கிழமை வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்கு.

அன்புடன்,
அப்பா