நகர் குடியிருப்போர் சங்கத்தின் 2024–25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் இது வாட்ஸ்அப்பில் போகும் என்பதால் அவர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. பொங்கல் கோலப் போட்டியில் பதினேழு பேர் கலந்துகொண்டனர். கண் பரிசோதனை முகாம் நடந்தது. மூன்றாம் குறுக்குத் தெரு விளக்கு இப்போது எரிகிறது.

இனி பூங்கா மரம். தேநீர்க் கடை வரைக்கும் இதைப் பற்றிப் பலவிதமாகப் பேச்சு அடிபடுவதால், நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரவு. மறுநாள் காலை நடைக்குப் போனபோது, ஊஞ்சலுக்கு மேலே நீண்டிருந்த தூங்குமூஞ்சி மரக் கிளை நீளவாக்கில் பிளந்து, ஒரு முழம் கீழே தாழ்ந்து நிற்பதைப் பார்த்தேன். தொடை கனம், இருபதடி நீளம். விரிசல் எங்கே தொடங்கியது என்பது முக்கியம். சில ஆண்டுகளுக்கு முன் சீரியல் விளக்கு கட்ட இடைஞ்சல் என்று அதில் ஒரு பக்கக் கிளையை வெட்டினார்கள். வெட்டியவர்கள் முழங்கை நீளத்துக்குக் கட்டையை மிச்சம் வைத்துவிட்டார்கள். அந்தக் கட்டை செத்து, மழைநீர் இறங்கி, உள்ளே உளுத்து, தட்டுத் தட்டாகக் காளான் பூத்திருந்தது. பிளவு அங்கிருந்துதான். அப்போது செயலாளராக யார் இருந்தார்கள் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

அன்றே ஊஞ்சலைக் கழற்றி, சுற்றிலும் மஞ்சள் கயிறு கட்டி, 'ஆபத்து' என்று பலகை வைத்தேன். நாலாம் நாள் அந்தக் கயிற்றில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள்.

டிசம்பர் 8 அன்று அவசரச் செயற்குழு கூட்டினேன். பதினோரு பேரில் மூவர் வந்தோம். 22 அன்று மறுபடி கூட்டினேன்; நால்வர். ஐவர் இருந்தால்தான் தீர்மானம் செல்லும். அதே வாரம் பொங்கல் விழா பற்றிய செய்திக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் ஐம்பத்தெட்டு கட்டைவிரல்கள் உயர்ந்தன என்பதையும் குறிப்பிடக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பூங்கா நிலம் திறந்தவெளி ஒதுக்கீட்டில் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டது; பராமரிப்பு மட்டும் நம்மிடம். ஆகவே கேட்காமல் மரத்தில் கை வைக்க முடியாது. மனு கொடுத்தேன். 'ஏன் இவ்வளவு நாள்' என்று கேட்கும் உறுப்பினர்கள், நான் எத்தனை முறை படியேறினேன் என்று என் வண்டியின் பெட்ரோலைக் கேட்கலாம். ஜனவரி 9 நடுப்பகலில், காற்றே இல்லாத நேரத்தில், அந்தக் கிளையின் ஒரு கொப்பு ஒடிந்து சறுக்குமரத்தில் விழுந்தது. பள்ளி நேரமாக இருந்ததால் யாரும் இல்லை. அதன் புகைப்படத்தை இணைத்த பிறகுதான் ஆய்வுக்கு ஆள் வந்தார். அனுமதிக் கடிதம் பிப்ரவரியில் கிடைத்தது.

இதற்கிடையே இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, மரத்தையே எடுத்துவிடலாம். இலை கொட்டுகிறது, பிசுபிசுப்பான காய் காரின் மேல் விழுகிறது. 2016இல் வர்தா புயலில் நம் பூங்காவின் இரண்டு மயில்கொன்றைகளும் சாய்ந்த பிறகு, நிழல் என்று சொல்லிக்கொள்ள இந்த ஒரு மரம்தான் மிஞ்சியிருக்கிறது. யோசனை சொன்னவரின் காரும் அந்த நிழலில்தான் நிற்கிறது. மற்றொன்று, 'மொட்டை அடித்துவிடலாம் சார், நாலாயிரத்து ஐந்நூறு' என்ற ஒரு மரம் வெட்டுபவரின் யோசனை. மொட்டையடித்த மரம் அவசரமாகக் கொத்துக்கொத்தாகத் துளிர்விடும். அந்தக் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு, அடுத்த காற்றில் அவைதான் முதலில் ஒடியும். மறுத்துவிட்டேன். ஏழாயிரத்து ஐந்நூறு கேட்டவரை அழைத்தேன். அதிகம் என்பவர்கள் பின்வருவதைக் கவனிக்கவும்.

மார்ச் 2, ஞாயிறு. மின்வாரியத்தார் ஒரு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தித் தந்தார்கள். நுனிப்பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பிறகு அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்தார்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தார்கள். இப்படிச் செய்தால்தான் கிளை விழும்போது அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகாது. மிஞ்சிய கட்டையைக் கடைசியாக, கிளை புறப்படும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி இருக்கும் தடிப்பைத் தொடாமல், அதை ஒட்டி வெளியே அறுத்தார்கள். அந்தத் தடிப்பிலிருந்துதான் புதுப் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். சிலர் தார் பூசச் சொன்னார்கள், சிலர் சிமெண்ட் வைக்கச் சொன்னார்கள். பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும் என்று தடுத்தேன். இப்போது வெட்டுவாயின் ஓரத்தில் விரற்கடை அகலம் புதுப் பட்டை உருண்டு வந்திருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் பார்க்கலாம்.

அன்று உதவிக்கு வந்த உறுப்பினர்கள் இருவர். பால்கனியிலிருந்து கைப்பேசியில் படம் எடுத்தவர்களை நான் எண்ணவில்லை.

'கட்டை எங்கே போனது' என்று ஒரு கேள்வி எழுந்துள்ளது. சுள்ளியும் விறகும் கூலியோடு பேசப்பட்டவை. இரண்டு பெரிய துண்டுகள் பூங்காவிலேயே இருக்கைகளாகக் கிடக்கின்றன. கேள்வி கேட்டவர்கள் தினமும் மாலையில் அவற்றின் மேல் உட்கார்ந்துதான் கேட்கிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகத் திருப்திகரம்; முந்தைய ஆண்டுக் கணக்கோடு உள்ள சிறு வித்தியாசம் சரிசெய்யப்பட்டு வருகிறது. மர வேலைக்குக் கூலி, குப்பை வண்டி, கயிறு, தேநீர் உட்பட ரூ.9,620 ஆனது. சங்கத்தில் அப்போது இருந்த ஐயாயிரம் போக மீதி ரூ.4,620 என் கையிலிருந்து. திருப்பிக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

நம் நகரில் அறுபத்து நான்கு மனைகள். ஆண்டுச் சந்தா ரூ.1,200 கட்டியவர்கள் முப்பத்தேழு பேர். பதினோரு வீடுகளில் மூன்று ஆண்டுகளாக 'அடுத்த மாதம்'. பெயர்களை அறிவிப்புப் பலகையில் எழுதலாம் என்று செயற்குழுவில் கருத்து வந்தது. நான் தடுத்தேன். அடுத்த செயலாளரும் தடுப்பார் என்று சொல்ல முடியாது.

தலைவர், பொருளாளர், மின்வாரிய ஊழியர்கள், காவலாளி, நாற்காலி தந்த ஐந்தாம் தெரு அன்பர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இரண்டு வேலைகள் உள்ளன. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள், கிழக்குப் பக்கக் கிளையை ஆள் ஏற்றிப் பார்க்க வேண்டும். அடிமரத்தை நெரித்துப் பதித்திருக்கும் டைல்ஸை மூன்றடி சுற்றுக்குப் பெயர்த்து மண் விட வேண்டும். வேருக்கு நீரும் காற்றும் போகட்டும். எனக்கு அறுபத்தெட்டு வயது. இந்தப் பொறுப்பை ஏற்க யார் முன்வந்தாலும் பூங்காச் சாவி, பதிவேடு, மரம் வெட்டுபவரின் எண் மூன்றையும் இன்றே தருகிறேன். யாரும் வராவிட்டால் வழக்கம்போல் பார்க்கலாம்.

ரசீதுப் புத்தகம் மேடைக்கு இடப்புறம், சுண்டல் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜீபே வசதியும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்