வெள்ளைப் பெட்டியும் பெட்டிதான்

விளையாட்டுச் சம்மேளனங்களில் ஒழுங்கு விதிகளை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம்.

தோற்பதற்குக் காசு வாங்கினால் என்ன நடக்கும் என்பதை உங்கள் விதிப் புத்தகங்கள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடுகின்றன. ஆயுள் தடை, அபராதம், சில நாடுகளில் சிறையும் உண்டு. ஜெயிப்பதற்குக் காசு வாங்கினால்? சில விளையாட்டுகளில் இதற்கு நேரான பதில் இருக்கிறது. மற்றவற்றில் "ஆட்டத்தின் நேர்மைக்குக் குந்தகம் விளைவித்தல்" என்ற மாதிரி ஒரு பொதுவான வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். கையில் கவரைத் திணிக்கும்போது ஒரு இருபது வயதுப் பையன் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வர முடியாது. எனக்கு முடியவில்லை.

நான் பெயர் சொல்லும் அளவுக்கு ஆடியவன் இல்லை. கீழ்மட்டக் கால்பந்து லீக் ஒன்றில் சில வருடம் தடுப்பாட்டக்காரனாக இருந்தேன். ஒரு சீசனின் கடைசி ஆட்டம். எங்கள் அணி மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது. சம்பளம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எதிரணிக்குப் பட்டம் வாங்க ஒரு டிரா போதும். நாங்கள் அவர்களைத் தோற்கடித்தால் பட்டம் வேறொரு அணிக்குப் போய்விடும். முந்தின நாள் பயிற்சி முடிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் சீனியர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாளைக்கு ஜெயிச்சா ஆளுக்கு இவ்வளவு. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்டா, ஒழுங்கா ஆடினா போதும்" என்றார். யார் கொடுக்கிறார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதில் என்ன தப்பு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஜெயிக்கத்தானே ஆடுகிறோம்?

மறுநாள் அப்படி ஓடினோம். 84வது நிமிடம் வரை ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். அப்புறம் ஒரு கார்னர். எங்கள் இடது பக்கப் பையன் பந்தின் உயரத்தைத் தப்பாகக் கணித்து அரை நொடி முன்னதாகவே எம்பிவிட்டான். பந்து அவன் தலையைத் தாண்டிப் போய் எதிரணிக்காரன் நெற்றியில் பட்டு உள்ளே போனது. ஆட்டம் டிரா. டிரஸ்ஸிங் ரூமில் அவன் ஈரமான சாக்ஸைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உன்னால எவ்வளவு போச்சு தெரியுமா?" என்று ஒருவன் கத்தினான். இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தின மூன்று வாரமும் நாங்கள் தோற்றிருந்தோம். அப்போதெல்லாம் யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்றைக்கு நாங்கள் ஓடிய ஓட்டத்தில் பொய் இல்லை. சிக்கலே அதுதான். முந்தின மூன்று வாரமும் நாங்கள் ஏன் அப்படி ஓடவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இருந்திருக்காது.

பிரேசில் கால்பந்தில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். தோற்கக் கொடுப்பது கறுப்புப் பெட்டி, ஜெயிக்கக் கொடுப்பது வெள்ளைப் பெட்டி. ஸ்பெயினிலும் சின்னப் பெட்டி என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் "பெட்டி கைமாறிவிட்டது" என்றால் என்ன அர்த்தம் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்கு வெள்ளையடித்துவிட்டால் உள்ளே இருப்பது வேறாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஸ்பெயினின் ஒசாசுனா வழக்கைப் பார்க்கலாம். 2013-14 சீசனில் ஒசாசுனா கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் அபாயத்தில் இருந்தது. அதன் நிர்வாகிகள் ரியல் பெட்டிஸ் அணி வீரர்களுக்கு 6,50,000 யூரோ கொடுத்தார்கள் என்பது வழக்கு. அதில் 4,00,000 யூரோ, ஒசாசுனாவோடு போட்டியில் இருந்த வயாதோலித் அணியை ஜெயிப்பதற்கு. மீதி 2,50,000 யூரோ, அடுத்த வாரமே ஒசாசுனாவிடம் தோற்பதற்கு. நவார்ரா மாகாண நீதிமன்றம் 2020-ல் முன்னாள் நிர்வாகிகளுக்கும் முன்னாள் பெட்டிஸ் வீரர்கள் இருவருக்கும் தண்டனை விதித்தது.

கொடுத்ததும் ஒரே கை, வாங்கியதும் ஒரே கை. வெள்ளைப் பெட்டிக்கும் கறுப்புப் பெட்டிக்கும் நடுவே ஒரு வாரம்தான் இருந்தது. ஜெயிக்க வாங்கியவனிடம் அடுத்த வாரம் தோற்கச் சொல்லிக் கேட்பது சுலபம். ஏற்கெனவே ஒரு ரகசியம் இருவருக்கும் பொதுவாகிவிட்டதே.

இதே கதை அமெரிக்க பேஸ்பாலில் நூறு வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. 1917-ல் சிகாகோ வைட் சாக்ஸ் வீரர்கள் தலைக்கு 45 டாலர் போல வசூலித்து டெட்ராய்ட் டைகர்ஸ் பந்துவீச்சாளர்களுக்குக் கொடுத்தார்கள். பட்டத்துக்குப் போட்டியாக இருந்த பாஸ்டன் அணியைத் தோற்கடித்ததற்கு நன்றி என்று சொல்லிக்கொண்டார்கள். வசூலில் முன்னால் நின்ற சிக் காண்டில், ஸ்வீட் ரிஸ்பெர்க் இருவரும் பின்னால் 1919 உலகத் தொடரில் தோற்கக் காசு வாங்கியதாக ஆயுள் தடை பெற்ற எட்டுப் பேரில் இருந்தார்கள். 1917 விவகாரத்தை 1927 தொடக்கத்தில் விசாரித்த ஆணையர் லாண்டிஸ் யாரையும் தண்டிக்கவில்லை. அதற்கென்று விதி இல்லாத காலம் அது. ஆனால் விதி வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இன்றைக்கு அமெரிக்க மேஜர் லீக் விதி 21-ஐ எடுத்துப் பாருங்கள். ஆட்டத்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பவருக்கு நிரந்தரத் தடை. வேறொரு அணியைத் தோற்கடித்ததற்காகப் பரிசு கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தனிப் பிரிவு, குறைந்தது மூன்று வருடத் தடை. இரண்டும் தவறு, இரண்டும் ஒன்றல்ல என்று ஒரே பக்கத்தில் சொல்லிவிட்டார்கள். நான் உங்களிடம் கேட்பதும் ஏறக்குறைய இதுதான்.

இதைச் சொல்வதால் வெற்றிக்குப் பணம் கொடுப்பதே அசிங்கம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பண்டைய ஒலிம்பிக்கில் வென்று வரும் ஏதென்ஸ்காரனுக்கு 500 திராக்மா என்று சோலோன் சட்டம் போட்டதாகப் புளூடார்க் எழுதியிருக்கிறார். அதே ஒலிம்பியாவில் கி.மு. 388-ல் யூபோலஸ் என்ற குத்துச்சண்டை வீரன் மூன்று எதிராளிகளுக்குக் காசு கொடுத்து மாட்டிக்கொண்டான். அந்த அபராதத்தில் செய்த வெண்கல ஜீயஸ் சிலைகளை மைதானத்துக்குப் போகும் வழியில் நிறுத்தினார்கள், உள்ளே போகிற ஒவ்வொரு வீரனும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகத் தடகளச் சம்மேளனம் ஒவ்வொரு தங்கத்துக்கும் 50,000 டாலர் கொடுத்தபோது சில சம்மேளனங்கள் முகம் சுளித்தன. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கொடுப்பது யார் என்று தெரியும், எவ்வளவு என்று தெரியும், ஓடுகிற எட்டுப் பேருக்கும் அது பொது. ஒரு கிளப் தன் வீரனின் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்கும் வெற்றி போனஸும் அப்படித்தான்.

வெளிச்சத்தில் கொடுத்தாலும் எதற்குக் கொடுக்கிறோம் என்பது முக்கியம், அது வேறு விஷயம். அமெரிக்கக் கால்பந்தில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்குள் 2009 முதல் 2011 வரை ஒரு உண்டியல் ஓடியது. எதிராளி அடிபட்டுத் திரும்ப ஆட வர முடியாமல் போனால் 1,500 டாலர், தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுபோகும்படி ஆனால் 1,000 டாலர். தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டன் 2012 சீசன் முழுக்க வெளியே உட்கார வேண்டியதாயிற்று. இன்னொன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. 2000 ஜனவரியில் செஞ்சூரியனில் மழையில் மூன்று நாள் வீணாகப் போன கிரிக்கெட் டெஸ்டில் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்சி குரோன்யேவிடம் யாரும் தோற்கச் சொல்லவில்லை. ஏதாவது ஒரு முடிவு வந்தால் போதும் என்றார் ஒரு பந்தயத் தரகர். இன்னிங்ஸைக் கைவிட்டு ஆட்டத்தைச் சூடாக்கினார், இங்கிலாந்து இரண்டு விக்கெட்டில் ஜெயித்தது, பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அப்புறம்தான் ஒரு லெதர் ஜாக்கெட்டும் ரொக்கமும் கை மாறிய கதை வெளியே வந்தது. ஆட்டம் நன்றாக இருந்தது என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

ஏனென்றால் வெள்ளைப் பெட்டிக்காரர்களின் வலுவான வாதமே அதுதான். செத்துப்போன ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கிறோம், ரசிகனுக்கு நல்லதுதானே என்கிறார்கள். அந்த சீசனில் நாங்கள் ஆடியதிலேயே நல்ல ஆட்டம் அந்தக் கடைசி ஆட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்குப் பெட்டி அனுப்ப வசதி இருந்த அணி ஒன்றுதான். வசதி இல்லாதவனின் எதிரி மட்டும் சோம்பலாக ஆடுவான் என்றால் புள்ளிப் பட்டியல் ஏலப் பட்டியல் ஆகிவிடும். செத்த ஆட்டத்தைச் சரிசெய்ய உங்களுக்கு வேறு வழி தெரியும். 1982 உலகக் கோப்பையில் கிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்ற கணக்கில் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்து அல்ஜீரியாவை வெளியே தள்ளின. அடுத்த உலகக் கோப்பையிலிருந்து ஒவ்வொரு பிரிவிலும் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைத்துவிட்டார்கள்.

சரி, சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா? 2014-ல் சுவிட்சர்லாந்தின் மாக்கோலினில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய உடன்படிக்கை, ஆட்டத்தின் முடிவையோ போக்கையோ முறையற்ற விதத்தில் மாற்றுவதையும், அதன் கணிக்க முடியாத தன்மையைப் போக்குவதையும், தகாத ஆதாயம் தேடுவதையும் சேர்த்துத்தான் குற்றத்தை வரையறுக்கிறது. உயிரைக் கொடுத்து ஓடியவன் எதை முறையற்று மாற்றினான் என்று ஒரு நல்ல வக்கீல் கேட்டால் நீதிபதி கொஞ்சம் யோசிக்கத்தான் செய்வார். குற்றவியல் சட்டம் தடுமாறும் இடத்தில் விளையாட்டு விதி தெளிவாக இருக்க வேண்டும். வெளியார் தரும் வெற்றிக் காசு தடை என்று ஒரு தனிப் பிரிவு எழுதுங்கள். அதை ஃபிக்சிங்கோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். கொடுப்பவனுக்கு அதிகம், வாங்குபவனுக்குக் குறைவு என்று தண்டனையைப் பிரியுங்கள். சொந்த கிளப் தரும் போனஸ் எல்லாம் சீசனுக்கு முன்பே எழுத்தில் உங்களிடம் பதிவாகட்டும். பதிவில் இல்லாத காசு எந்த நிறப் பெட்டியில் வந்தாலும் அது வெளிக்காசுதான்.

இன்னொன்று, இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். கால்பந்து வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், முந்தின இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமாக வந்ததாகச் சொன்னவர்கள் 41 சதவீதம். பெட்டிக்காரன் முதலில் தட்டுவது இவர்கள் கதவைத்தான். சம்பளப் பாக்கி வைத்திருக்கும் கிளப்பைக் கடைசிச் சுற்றுகளுக்கு முன்பே பிடியுங்கள், புள்ளியைக் குறையுங்கள். வீரனுக்கு நேர்மை வகுப்பு எடுப்பது அப்புறம் இருக்கட்டும்.

எங்களிடம் சேதி கொண்டுவந்த அந்த சீனியர் கெட்டவர் இல்லை. சம்பளம் வராத அந்த மூன்று மாதத்தில் எங்களில் இரண்டு பேருக்கு வாடகைப் பணம் புரட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அன்றைக்கு அவர் செய்தது உங்கள் புத்தகத்தில் எந்த எண் குற்றம், எத்தனை மாதம் தடை, முந்தின நாளே உங்களிடம் வந்து சொல்லியிருந்தால் அதில் எவ்வளவு குறையும் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் தடுப்பாட்டக்காரன்