அந்த ஒரு கட்டத்தில் என்ன எழுதினாய்?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம் எடுத்தேன். மகளிர் குழுவில் கையெழுத்துப் போடக் கற்றவள் நான், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பாப்பாவின் பள்ளிக்கூட விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன் என்றாய். மருமகள் எங்கே என்று கேட்டேன். 'வீட்லதான் சும்மா இருக்கா' என்றாய். நீ சொல்லும்போதே பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.

உன்னை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் படிவம் வாங்கி வந்த நாள் நினைவிருக்கிறதா? அப்பாவுக்கும் எழுத வராது, எனக்கும் அப்போது வராது. நீயே திண்ணையில் உட்கார்ந்து நிரப்பினாய். 'தாயின் தொழில்?' என்று வாசித்தாய். 'வீட்டு வேலைன்னு போடு' என்றார் அப்பா. முத்து முத்தாக எழுதினாய். நான் அன்றைக்குக் கடலில் பாசி எடுக்கப் போய்விட்டு வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். உப்புத்தண்ணீரில் ஊறி விரல் வெளுத்துப்போயிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை நான்.

ஏழு வயதில் என் அம்மாவோடு கடலில் இறங்கினேன். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், நீர் வற்றும் நேரம் பார்த்து வள்ளத்தில் போவோம். கண்ணாடி மாட்டி, சேலைக்கு மேல் சட்டை போட்டு, காலில் தகடு கட்டி, மூச்சைப் பிடித்து முங்க வேண்டும். பாறையில் மரிக்கொழுந்துப் பாசி எங்கே இருக்கும், கட்டக்கோரைப் பாசி எங்கே இருக்கும் என்று கைக்கே தெரியும். வேரோடு பிடுங்கக் கூடாது, அடியை விட்டுவிட்டுத்தான் கிள்ள வேண்டும். அடுத்த மாதமும் அங்கேதானே வர வேண்டும்! நாங்கள் கரையில் காயப்போடும் மரிக்கொழுந்திலிருந்துதான் ஜெல்லியை உறைய வைக்கிற அகர் எடுக்கிறார்கள். பாப்பா சாப்பிடும் ஜெல்லியில்கூட அது இருக்கலாம்.

1986-இல் நம் மன்னார் வளைகுடாத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அப்புறம் வனத்துறைக்காரர்கள் எங்களைப் பிடித்ததும், எடுத்த பாசியைப் பிடுங்கிக்கொண்டதும் உனக்கே தெரியும். கடலைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாறையோடு வளர்ந்தவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மீனவர் அட்டை கேட்டுப் போனபோது, 'மீன் பிடிக்கிறவங்களுக்குத்தான் அட்டை, நீங்க பாசி பொறுக்குறவங்க' என்று ஒரு அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். மூச்சடக்கிக் கடலுக்குள் போகிறவளுக்குப் பொறுக்குகிறவள் என்று பெயர். 2015-இல் பாசி எடுக்கிற நம் பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி அமெரிக்கா போய், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி விருதை வாங்கிய பிறகுதான் நாங்கள் யார் என்று பலருக்குத் தெரிந்தது.

அப்பாவை எல்லையில் பிடித்துக்கொண்டு போய், அக்கரையில் இலங்கையில் நாலு மாதம் சிறையில் வைத்திருந்தார்களே, அப்போது இந்த வீட்டில் உலை கொதித்தது பாசியால்தான். அவர் திரும்பி வந்து, 'உங்கம்மா கூடமாட ஒத்தாசையா இருந்தா' என்று எல்லோரிடமும் சொன்னார். பாசத்தோடுதான் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த 'ஒத்தாசை' இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

அப்பாவை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. நான் கடலில் இருந்த நாளெல்லாம் உனக்குத் தலைவாரிச் சோறு ஊட்டியது உன் அக்கா. பத்தாவது முடித்ததும் அவளை நிறுத்தியது நான்தான். தண்ணீர் எடுக்க, சமைக்க, உன்னைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று. டீச்சர் வீடு தேடி வந்து கேட்டார். 'பொம்பளப் பிள்ளை வீட்ல சும்மாதானே இருக்கப்போறா' என்று நானே சொன்னேன், தம்பி. என் வாயால்! என்னை எது அறுத்ததோ அதையே எடுத்து அவளை அறுத்தேன். போன பொங்கலுக்கு அவளிடம் அதைச் சொன்னேன். 'விடும்மா' என்று எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

மருமகள் ராத்திரி பதினோரு மணி வரை பிளவுஸ் தைக்கிறாள். வீட்டு வாடகையில் பாதி அவள் பணம் என்று நீயேதான் சொன்னாய். அதற்கு மேல் சமையல், துணி, பாப்பா. காசு வரும் வேலையை மட்டும்தான் எழுத வேண்டும் என்றால், அவளிடம் எழுத அதுவும் இருக்கிறது.

படிவத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேள். 'தாயின் தொழில்' என்ற இடத்தைக் காட்டி, 'இந்தக் கட்டத்துல என்ன எழுதட்டும்?' என்று கேள். அவள் சொல்வதை எழுது. எழுதியதை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பு.

நாளை மறுநாள் அமாவாசை. முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் போவேன். விடியுமுன் வள்ளம் கிளம்பும், மதியத்துக்கு மேல்தான் போனைப் பார்ப்பேன். நெத்திலிக் கருவாடு காயவைத்திருக்கிறேன், வருகிறவர்களிடம் கொடுத்து விடுகிறேன்.

இப்படிக்கு
அம்மா