எல்லாப் போல்ட்டுக்கும் சிவப்பு வேண்டாம்

வன்னியில் மோட்டார் சைக்கிள் கராஜ் நடத்தும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், உதிரிப்பாகக் கடைக்காரருக்கும் வணக்கம்.

ஏ9 வீதியில் மட்டும் ஓடும் மோட்டார் சைக்கிளுக்குப் போல்ட் கழர்வது குறைவு. கிறவல் ஒழுங்கையில் நெல் மூட்டையோடு நாளாந்தம் குலுங்கும் வண்டிக்குத்தான் அது வழமை. அதிர்விலே புரிகள் ஒன்றன்மேல் ஒன்று பக்கவாட்டில் சறுக்கிச் சறுக்கி நட் தானாகவே திரும்பிவிடுகிறது. புரி இடைவெளியை நிரப்பி அந்தச் சறுக்கலை நிறுத்துவதுதான் லொக்டைட் என்ற புரிப் பசையின் வேலை. அதைப் போடுங்கள். ஆனால் கையில் கிடைத்த, மிக இறுகப் பிடிக்கும் சிவப்பு லொக்டைட்டை எல்லாவற்றுக்கும் ஊற்றுவதையும், அது இல்லாத நாளில் சுப்பர் குளூ விடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். சுப்பர் குளூ நொறுங்கும் பசை. சூட்டையும் ஈரத்தையும் தாங்காது.

சிவப்பு செய்யும் கேட்டை எஞ்சின் கவரில் பார்க்கலாம். 10 ஸ்பனர் பிடிக்கும் 6 மில்லிமீற்றர் போல்ட். அடுத்த முறை கழற்றும்போது தலை முறியும், அல்லது போல்ட்டின் புரியைச் சுற்றி வெள்ளைச் சுருளாக அலுமினியமும் சேர்ந்து வெளியே வரும். பிறகு அந்த ஓட்டைக்குப் புதுப் புரி வைக்க வேண்டும். செலவு வண்டிக்காரர் தலையில்.

கழற்றிப் பூட்டும் இடங்களுக்கு நடுத்தரப் பிடி, அதாவது 243 என்ற இலக்கமுள்ள நீல லொக்டைட் போதும்: பிறேக் கலிப்பர், கால்மிதி, சைட் ஸ்டாண்ட், கரியர், சைலன்சர் பிராக்கெட். 243 லேசான எண்ணெய்ப் பசையையும் தாங்கும். சின்னத் திருகாணிகளுக்கு ஊதா 222. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அதே நிறுவனத்தின் 270 இறுகப் பிடிப்பது, 290 பூட்டிய பிறகு புரிக்குள் ஊறுவது. இரண்டும் பச்சைதான். இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், கடைக்காரரும் இலக்கத்தைச் சொல்லியே கொடுங்கள்.

பூசுமுன் பழைய பசைத் தூளைக் கம்பிப் பிரஷால் சுரண்டி, கிறவல் தூசியை தின்னரால் கழுவிக் காயவிடுங்கள். 6 மில்லிமீற்றருக்கு ஒரு துளி, 8க்கு இரண்டு. ஊடுருவும் ஓட்டை என்றால் நட் உட்காரும் புரியில் விடுங்கள். அடி மூடிய ஓட்டை என்றால் ஓட்டைக்குள்ளேயே விடுங்கள், போல்ட் இறங்கும்போது அமுங்கும் காற்று பசையைப் புரிக்கு ஏற்றும். அங்கே அளவு கூடினால் அமுக்கத்தில் அலுமினியத்தில் வெடிப்பு விழலாம். இரும்பில் சுமார் பத்து நிமிடத்தில் பிடிக்கும், முழுப் பிடிக்கு 24 மணித்தியாலம். ஸ்ரெயின்லெஸ் போல்ட்டில் இன்னும் மெதுவாகவே இறுகும். மாலையில் பூட்டி உடனே கொடுக்காமல் மறுநாள் கொடுப்பது நல்லது.

பிளக், ஒயில் வடிக்கும் போல்ட், அக்சில் ஆகியவற்றுக்கு இது வேண்டாம். உள்ளே நைலோன் வளையம் உள்ள நட் இருந்தாலும் தேவையில்லை. எஞ்சின் தலையில் சைலன்சர் பூட்டும் நட்டுக்கும் வேண்டாம், 243 தாங்குவது 180 பாகை செல்சியஸ் வரைதான். பிறேக் டிஸ்க் போல்ட்டுக்கு முதலில் வண்டியின் கைநூலைப் பாருங்கள். சில வண்டிகளில் ஒவ்வொரு முறையும் புதுப் போல்ட்டே போட வேண்டும். மட்காட், சிக்னல் பிளாஸ்டிக்கில் ஒரு துளி பட்டாலும் அதில் வெடிப்பு விழலாம்.

ஏற்கெனவே சிவப்பு போட்டு இறுகியதை ஸ்பனரால் மல்லுக்கட்டாதீர்கள். பெற்றோல் டாங்கைக் கழற்றி வைத்துவிட்டு, போல்ட்டை 250 பாகை அளவுக்குச் சூடாக்கி, சூடு ஆறுமுன் கழற்றுங்கள். சீலுக்கும் பிறேக் குழாய்க்கும் பக்கத்தில் நெருப்புக் காட்ட வேண்டாம்.

கடைக்காரருக்கு இன்னொன்று. போத்தல் பாதி வெறுமையாக வருவது ஏமாற்று அல்ல. இந்தப் பசை காற்றில்லாத இடத்தில் உலோகம் பட்டால்தான் இறுகும், உள்ளே காற்று இருக்கும்வரை திரவமாக இருக்கும். வேறு போத்தலுக்கு ஊற்றி நிரப்பாதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே உள்ள மேல்தட்டில் வைக்காமல், குளிர்ச்சியான கீழ்த்தட்டில் வையுங்கள். வாங்குபவர் நுனியைப் போல்ட்டில் தொட்டுப் பூசக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள், ஒட்டிய இரும்புத் தூள் உள்ளே போனால் மிச்சப் பசை போத்தலுக்குள்ளேயே கட்டிபடும்.