ஒரே பட்டாலையில் அமர்ந்தவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

மக்கள்தொகை, மகப்பேற்று உரிமை, வளர்ச்சி ஆகியவை குறித்து மக்கள் பிரதிநிதிகளும் செட்டிநாட்டுப் பெண்களும் கலந்து பேசிய கூட்டம் காரைக்குடியில் நல்லபடியாக நடந்தேறியது. எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர்களாகிய நீங்கள், கரைவேட்டியைத் தவிர்த்து வந்து, ஒரே பட்டாலையில் (செட்டிநாட்டு வீட்டின் உயர்ந்த திண்ணையில்) அமர்ந்து, குறுக்கிடாமல் கேட்டீர்களே, அதற்கே முதல் நன்றி.

இந்த நோக்கத்துக்காகக் கட்சி கடந்து கூடுவது புதிதல்ல. மாநிலங்களவை உறுப்பினர் சத்பால் மிட்டலின் முயற்சியால் 1978இலேயே இந்திய நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதற்கென ஒரு சங்கம் கண்டார்கள். 1994இல் கெய்ரோவில் ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் கூடிய 179 நாடுகள், எத்தனை பிள்ளை, எப்போது என்பதைப் பெற்றுக்கொள்வோரே முடிவு செய்யும் உரிமையை ஏற்றன. அதையடுத்து 1996இல் நம் நாடும் கருத்தடைக்கு இலக்கு நிர்ணயிக்கும் முறையைக் கைவிட்டது. இவற்றுக்கெல்லாம் முன்னோடியாகச் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பெண்களுக்காக வாதாடிய முத்துலட்சுமி ரெட்டி, நமக்குப் பக்கத்திலுள்ள புதுக்கோட்டையில் பிறந்தவர். இன்று அவர் பெயரிலான மகப்பேறு உதவித்தொகைதான் இங்குள்ள கர்ப்பிணிகளுக்கு வந்து சேர்கிறது.

கூட்டத்தின் போக்கை மாற்றியவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்ற நிலையை எட்டிய தமிழ்நாட்டில், அதற்கான ஆபரேஷன் சுமையைப் பெண்களே சுமந்தார்கள் என்பதையும், ஆண்களுக்கான தழும்பில்லா கருத்தடைச் சிகிச்சையான வாசக்டமி அதைவிட எளிதாக இருந்தும் அதற்கு வருவோர் அரிது என்பதையும் அவர்கள் தயங்காமல் எடுத்துரைத்தார்கள். அன்று இலக்கு வைத்து நிறுத்தச் சொன்னார்கள், இன்று மக்கள்தொகைப்படி தொகுதிகளைப் பங்கிடும் மறுவரையறையைக் காட்டி நிறையப் பெறச் சொல்கிறார்கள், இரண்டு முறையும் எங்களை யாரும் கேட்கவில்லை என்று தேவகோட்டைச் சகோதரி ஒருவர் சொன்னபோது உங்களில் ஒருவரும் மறுக்கவில்லை. (மறுத்திருந்தால் அவரும் விட்டிருக்க மாட்டார்.)

வீட்டைத் திறந்துவிட்டு வாடகை வாங்க மறுத்த ஆச்சிக்கும், ஒரு நாள் கூலியை விட்டு வந்த ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைப் பெண்களுக்கும், பந்திக்குக் குறைவில்லாமல் சமைத்தவர்களுக்கும் கடமைப்பட்டுள்ளோம்.

மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் ஆண்களுக்கான ஆலோசனைச் சேவை குறித்துச் சேர்ந்தே கேள்வி எழுப்புவதாக நீங்கள் ஒப்புக்கொண்டதை எழுதி வைத்திருக்கிறோம். அவைக் குறிப்பு கிடைத்ததும் செவிலியர்களுக்கும் பட்டறைப் பெண்களுக்கும் வாசித்துக் காட்டுவோம்.

நன்றியுடன்,
கூட்ட ஏற்பாட்டு மகளிர் குழுவினர்,
காரைக்குடி.