உம் மகனின் வழக்கு குறித்து

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உம்முடைய கடிதம் கிடைத்தது. மகன் எங்கள் வீட்டில் சுகமாக இருக்கிறான் என்பதை முதலில் அவனுடைய தாயாரிடம் சொல்லும். மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது, வேலை அனுமதிக்காகக் காத்திருக்கிறான், கனடாவில் இந்த ஸ்காபரோவின் குளிருக்கும் மெல்ல மெல்லப் பழகி வருகிறான். நீர் கேட்டிருந்த இரண்டு கேள்விகளுக்கும் தொலைபேசியில் அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ஊரில் ஒருவர், தடுப்பில் இருந்த காலத்தைக் கொஞ்சம் கூட்டி, இயக்கத்தோடு, அதாவது புலிகளோடு, இருந்த தொடர்பையும் பெரிதாக்கி எழுதினால்தான் அகதி கேஸ் வெல்லும் என்று உமக்குச் சொல்லியிருக்கிறார். இங்கே கேஸ் எழுதிக் கொடுப்பதில் பெயர்பெற்ற ஒருவரிடம் மகனை அனுப்பச் சொல்லியும் கேட்டிருக்கிறார். சட்டத்தரணிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று நீரும் கேட்டிருந்தீர். அந்த மனிதர் உமக்குக் கெடுதல் நினைத்து இதைச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்னபடி செய்தால் மகனுக்குப் பெருந்தீங்கு விளையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அகதி கோருபவரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அவரை நேரில் பேசவிட்டுக் கேட்க வேண்டும் என்பதை இந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4 அன்று சிங் வழக்கில் நிலைநாட்டியது. பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் உள்ளிட்ட சிலர் தொடுத்த அந்த வழக்கினால்தான், பின்னர் வந்த எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு மேசையின் முன் இருந்து தங்கள் கதையைச் சொல்லும் உரிமை கிடைத்தது. அதற்கு முன்பே, 1979 இல், மல்டொனாடோ என்ற வழக்கில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் மற்றொரு விதியை வகுத்திருந்தது. கோருபவர் சத்தியம் செய்து சொல்வதை, சந்தேகிக்கக் காரணம் இருந்தாலன்றி, உண்மை என்றே கொள்ள வேண்டும் என்பது அவ்விதி. கையில் ஆவணம் எதுவும் இல்லாமல் ஓடி வந்த மனிதனுக்கு இதைவிடப் பெரிய கொடை வேறென்ன இருக்க முடியும்? ஆனால் 'சந்தேகிக்கக் காரணம் இருந்தாலன்றி' என்ற அந்த நிபந்தனையை உம்முடைய ஊரவர் அறிந்திருக்கவில்லை. கூட்டி எழுதிய ஒரு மாதம், ஒரு காயம், ஒரு பெயர் பிடிபட்டால் அந்தக் காரணம் உருவாகிவிடும். அதன்பின் மகனுக்கு மெய்யாகவே நடந்தவற்றையும் நம்ப ஆள் இராது.

சட்டத்தரணியிடம் நான்தான் அவனை அழைத்துச் சென்றேன். எங்கள் வழக்கப்படி, பெரியவன் என்ற முறையில் நானே கதையைச் சொல்லத் தொடங்கினேன். அந்த அம்மையார் மரியாதையாக என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். மகன் தனியாகத்தான் பேச வேண்டும், தகப்பனின் நண்பர் முன்னிலையில் ஓர் இளைஞன் சொல்லக் கூசும் விடயங்கள் இருக்கலாம், அவன் சொல்வதை அவனுடைய அனுமதியின்றி என்னிடம்கூடத் தான் வெளியிட முடியாது என்றார். தடுப்பில் பிள்ளைகளுக்கு என்னென்ன நடந்தது என்று ஊருக்குள்ளேயே வாய்விட்டுப் பேச முடியாத நாங்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும், நண்பரே. அவன் அறைக்குள் என்ன சொன்னான் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. நீரும் கேட்க வேண்டாம்.

கீழே எழுதுவது அவனே என்னிடம் சொன்னவை. அகதிக் கோரிக்கைப் படிவத்தில் கேட்பவை எளிய கேள்விகள் போலத் தெரியும்: என்ன தீங்கு நேர்ந்தது, திரும்பிப் போனால் யார் என்ன செய்வார்கள், அதிகாரிகளிடம் பாதுகாப்புக் கேட்டீரா, நாட்டுக்குள்ளேயே வேறிடத்துக்குப் போய்ப் பார்த்தீரா, ஏன் அந்த நேரத்தில் வெளியேறினீர், ஏன் அதற்கு முன்பு வெளியேறவில்லை. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் பல ஆண்டுத் தீர்ப்புகள் உண்டு. மகன் தன் வாழ்வை நாட்காட்டியால் நினைவு வைத்திருக்கவில்லை. நல்லூர்த் தேருக்கு முதல் கிழமை, அம்மம்மாவின் ஆட்டைத் திவசம் முடிந்த பின் என்றே நினைவு வைத்திருந்தான். சட்டத்தரணி பொறுமையாக இருந்து, அந்தந்த ஆண்டின் திருவிழாத் திகதிகளைப் பார்த்து, மாதத்தைக் கண்டுபிடித்தார். நாள் தெரியாத இடத்தில் 'ஏறத்தாழ' என்று எழுத வைத்தாரே தவிர, ஒரு நாளைத் தெரிவு செய்து எழுத விடவில்லை. தெரியாத நாளைத் தெரிந்ததாக எழுதிவிட்டால், அது நடந்த உண்மையாகவே இருந்தாலும், விசாரணையில் வேறொரு நாளைச் சொல்ல நேரும் என்றாராம்.

விசா விண்ணப்பத்தைப் பற்றியும் எழுத வேண்டும். ஏஜென்சிக்காரர் நிரப்பிக் கொடுத்த அந்த விண்ணப்பத்தில், மகன் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்வதாகவும் சுற்றுலாவுக்காக வருவதாகவும் இருக்கிறது. இதை மறைத்துவிடலாம் என்று இங்கேயும் சிலர் சொன்னார்கள். அரசாங்கத்தின் கோப்பில் அது இருக்கிறது, விசாரணை செய்பவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. சட்டத்தரணி அதை முழுமையாகப் படிவத்திலேயே எழுத வைத்தார். யார் நிரப்பினார், மகன் எதை அறிந்திருந்தான், ஏன் வேறு வழி இருக்கவில்லை என்பது எல்லாம் அதில் இருக்கிறது. உயிருக்கு அஞ்சி நேரே வருபவர், தாமதமின்றி அதிகாரிகள் முன் வந்து தக்க காரணம் காட்டினால், முறைகேடாக நுழைந்ததற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31 ஆவது உறுப்புரை சொல்கிறது. அந்தக் காரணத்தை நாங்களாகச் சொல்வதற்கும், அவர்கள் கண்டுபிடித்த பின் சொல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு! தேடப்பட்டவர் எவ்வாறு சொந்தக் கடவுச்சீட்டோடு கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தாண்டி வந்தார் என்பதும் எம்மவரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. அதற்கும் அவனிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதில் நடந்தபடியே இருப்பதால், எத்தனை விதமாகக் கேட்டாலும் மாறாது.

ஊரவரின் ஆலோசனை எங்கிருந்து வருகிறது என்பதையும் நான் அறிவேன். அகதிக் கோரிக்கைகளை விசாரித்துத் தீர்மானிக்கும் குடிவரவு அகதிகள் சபை 1989 இல் தொடங்கிய அந்த முதல் ஆண்டுகளில், யாழ்ப்பாணத்துத் தமிழர் என்றாலே ஆபத்து விளங்கியது. எம்மவரின் கோரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை ஏற்கப்பட்டன. அக்காலத்து வெற்றிகளை, எழுதிக் கொடுத்தவரின் திறமை என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். போர் முடிந்த மறு ஆண்டு, 2010 யூலையில், ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையரகம் தன் வழிகாட்டலை மாற்றியது. வடபகுதித் தமிழர் என்பதற்காக மட்டும் ஒருவரை அகதியாகக் கருத வேண்டியதில்லை, ஒவ்வொருவருடைய நிலைமையையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்றது. அன்றிலிருந்து எல்லோருக்கும் பொருந்தும் கதை எவருக்கும் பயன்படுவதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது என்பதைச் சபைக்கு எவரும் எடுத்துச் சொல்லலாம். அச்சட்டம் உம் மகனை ஏன் தேடி வரும் என்பதை அவன் மட்டுமே சொல்ல முடியும். கேஸ் எழுதுபவரிடம் உள்ளது ஒரே கதை. பெயரையும் ஊரையும் மாற்றிப் பலருக்குக் கொடுக்கிறார். ஒரே வசனங்கள் பல கோப்புகளில் வருவதைச் சபை கவனிக்காமல் இருக்குமா?

கொழும்பில் போய் இருக்கலாமே என்ற கேள்விக்கும் ஆயத்தமாக வேண்டியிருக்கிறது. நாட்டுக்குள்ளேயே பாதுகாப்பான வேறிடம் இருந்தால் அகதிக் கோரிக்கை நிற்காது. அதை அளக்கும் முறையைக் கனடாவில் உருவாக்கிய முதன்மையான இரண்டு வழக்குகளும் இலங்கைத் தமிழருடையவை. 1991 ஆம் ஆண்டின் இரசரத்தினம் வழக்கு, அந்த இடத்தில் மெய்யான ஆபத்து இல்லையா என்றும், அவருடைய நிலைமையில் அங்கே போய் வாழச் சொல்வது நியாயமா என்றும் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொன்னது. 1993 இல் வந்த திருநாவுக்கரசு வழக்கு, மலைக்குகையிலோ காட்டிலோ ஒளிந்து வாழச் சொல்வது பாதுகாப்பு ஆகாது என்றது. எம்மவரின் துயரத்திலிருந்து எழுந்த இவ்விரு பெயர்களையும் இன்று ஏனைய நாடுகளிலிருந்து வருபவர்களின் சட்டத்தரணிகளும் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. மகன் கொழும்பு வெள்ளவத்தையில் தங்கியிருந்த காலத்தில் நடந்த பொலிஸ் பதிவும், வீட்டுக்கு வந்து கேட்ட விசாரணையும் இதனால்தான் முக்கியமாகின்றன. அவற்றை நீர் சாதாரணமாக நினைத்து எனக்கு எழுதவேயில்லை. அவன்கூட, கேட்ட பின்புதான் சொன்னான்.

பணத்தைப் பற்றி நீர் கவலைப்பட்டிருந்தீர். ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பு, வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியின் கட்டணத்தைத் தானே செலுத்துவதாகச் சான்றிதழ் தருகிறது. மகனுக்கு அது கிடைத்துவிட்டது. 2019 இல் மாகாண அரசு, அகதிகளின் வழக்குகளுக்கு இனித் தன் பணத்தைத் தருவதில்லை என்று நிறுத்தியபோது நாங்கள் பலரும் கலங்கினோம். அந்த ஆண்டு ஓகஸ்டில் மத்திய அரசு 2 கோடியே 57 இலட்சம் டொலரை அறிவித்த பின்னரே மூச்சு வந்தது. சட்டத்தரணிகளும் உரிமம் பெற்ற ஆலோசகர்களும் அல்லாத ஒருவர், பணம் வாங்கிக்கொண்டு இந்த வழக்குகளில் ஆலோசனை சொல்வதே இங்கு குற்றம். அப்படிப்பட்டவரின் பெயர் படிவத்தில் எங்கும் இராது. பிழை நேர்ந்தால் முறையிடவும் இடமில்லை, கையொப்பமிட்ட பிள்ளையே முழுப் பொறுப்பையும் சுமப்பான். உரிமம் உள்ளவர்களிலும் கவனமில்லாதவர்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களைக் கேள்வி கேட்க ஓர் அமைப்பாவது இருக்கிறது.

இனி உம்முடைய இரண்டாவது கேள்வி. படிவம் போய்விட்டதே, இப்போதாவது சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர். திருத்தம் செய்ய வழி உண்டு. மாற்றியதை அடிக்கோடிட்டுக் கையொப்பமிட்டு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் சபைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். தவறிய ஒரு திகதியைச் சரிசெய்யவும், புதிதாக நடந்ததைச் சேர்க்கவும் அது உதவும். பெரிய சம்பவம் ஒன்றைப் பிந்திச் சேர்த்தால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி நிச்சயம் எழும். அது நடந்திராத சம்பவம் என்றால் என்ன பதில் சொல்வது? சட்டத்தரணி தெரிந்துகொண்டே பொய்யை முன்வைக்க முடியாது. அப்படி வற்புறுத்தினால் வழக்கைவிட்டு விலக வேண்டி வரும் என்று மகனிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

உம்மால் செய்யக்கூடிய மெய்யான உதவிகள் இருக்கின்றன. மகனைப் பிடித்துச் சென்றபோது தந்த சிங்களத் துண்டு உம்மிடம் இருப்பதாக அவன் சொல்கிறான். அதன் மூலப் பிரதி தேவை. அதை இங்கே ஆங்கிலத்துக்கு மாற்றி, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியுடன் சமர்ப்பிப்பார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்தில் அப்போது தங்கச்சி, அதாவது மகனின் தாயார், முறையிட்டிருந்தார் அல்லவா? அந்த முறைப்பாட்டு இலக்கத்தோடு ஒரு கடிதம் பெற முயலும். விடுதலைக்குப் பின் அவனுக்குச் சிகிச்சை அளித்த வைத்தியசாலையின் குறிப்பும் வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர், கிராம அலுவலர், கோயில் தலைவர் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கடிதம் வாங்கி அனுப்பவும் வேண்டாம். சம்பவத்தை அறியாதவர் எழுதும் நற்சான்றினால் பயன் இல்லை. அவர் ஒரு திகதியைப் பிழையாக எழுதிவிட்டால் அதுவே முரண்பாடாகிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உம்முடைய சத்தியக்கடதாசி. சமாதான நீதவான் முன்னிலையில் நீரே எழுதிக் கையொப்பமிடும். வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், மகன் போன பின்பும் வந்து கேட்டார்களா என்பவற்றில் நீர் கண்ணால் கண்டதைக் கண்டதாகவும், தங்கச்சி சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதும். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதும். மகன் என்ன எழுதினான் என்று கேட்டு அதற்கு ஏற்ப எழுத வேண்டாம். இருவரும் தத்தமக்குத் தெரிந்ததை எழுதினால் போதும் என்று சட்டத்தரணி சொல்கிறார். உம்முடைய அடையாள அட்டையின் பிரதி ஒன்றையும் கூடவே வையும்.

விசாரணைத் திகதி இன்னும் வரவில்லை. வந்ததும் அறிவிக்கிறேன், ஆனாலும் அதற்காகக் காத்திராமல் இவற்றை இந்த மாதத்துக்குள் கூரியரில் அனுப்பும். இங்கிருந்து எவரும் தயாரித்தவை அல்ல, ஊரிலிருந்தே வந்தவை என்று காட்ட அந்த உறையும் தேவைப்படும் என்பதால், அனுப்புநர் இடத்தில் உம்முடைய பெயரையும் முழு முகவரியையும் தெளிவாக எழுதும்.

அன்புடன்,
உம் நண்பன்