பத்து சென்ட் சரிவு

அன்பு மகளுக்கு,

அம்மா, ஆத்தா எல்லாரும் சௌக்கியம். கோத்தகிரியில் நாலு நாளாக விடாத சாரல். நீ கேட்ட விஷயம் போனில் பேசித் தீராது, அதனால்தான் எழுதுகிறேன்.

அகமதாபாத்தின் டவுன் பிளானிங் ஸ்கீமை நம் மலை ஊர்களுக்குக் கொண்டுவர முடியுமா என்பதை உன் எம்.பிளான் (நகரத் திட்டமிடல் முதுகலை) ஆய்வுக்கு எடுக்கலாமா என்றாய். தாராளமாக எடு. நீலகிரிக்கு வருகிற வண்டிகள் எடுக்க வேண்டிய இ-பாஸ் பற்றி எழுதச் சொல்லி இங்கே ஆளாளுக்குச் சொல்வார்கள், அதை விடு. வண்டிகளை எண்ணுவதற்கு ஐகோர்ட் ஏற்கெனவே ஐ.ஐ.டி.யையும் ஐ.ஐ.எம்.மையும் இறக்கிவிட்டது.

1915 பம்பாய்ச் சட்டத்தில் தொடங்கி, இன்று 1976 குஜராத் சட்டப்படி நடக்கிற முறை என்றாய். எல்லார் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ரோட்டுக்கும் பூங்காவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனையாகத் திருப்பித் தருவது. நூற்றுக்கு நாற்பது போனாலும் மிச்சத்துக்கு விலை ஏறுவதால் ஜனம் ஒத்துக்கொள்கிறது. நில எடுப்பு வழக்கில் கோர்ட்டுக்கும் ஆபீசுக்குமாக அலைந்தவர்களை சர்வேயராக எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

ஆனால் அது சமவெளிக் கணக்கு. சரிவில் அளக்கும்போது சங்கிலியைத் தரையோடு படுக்கப் போட மாட்டோம். மேல் முனையை மண்ணில் வைத்து, கீழ் முனையை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, அதிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அது விழுகிற இடத்தில் புள்ளி வைப்போம். அங்கிருந்து மறுபடி ஒரு பிடி. இப்படியே படிப்படியாக இறங்க வேண்டும். தேயிலை இடுப்பு வரை இருக்கும், அட்டை காலில் ஏறும், கீழே நிற்கிற செயின்மேன் தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு "சீக்கிரம் சார்" என்று கத்துவான். இப்படி அளந்து பட்டாவில் ஏறுவது வானத்திலிருந்து பார்த்த பரப்பு. 30 டிகிரி சரிவில் பட்டாவில் 10 சென்ட் என்றால் மண்ணில் 11.5 சென்ட் இருக்கும். மண் அதிகம்தான், ஆனால் வீடு வைக்க அதில் பாதி தேறினால் பெரிது.

இப்போது சொல். ரோட்டோரம் மட்டமாகக் கிடக்கிற 10 சென்ட்டும், ஓடையைப் பார்த்துச் சரிகிற 10 சென்ட்டும் உன் ஸ்கீமில் ஒரே பங்கா? மதிப்பையும் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பாய். சரி, அந்த மதிப்பு எங்கிருந்து வரும்? நம் வழிகாட்டி மதிப்பு தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும்தான் இருக்கிறது, சரிவுக்கு இல்லை. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எல்லை அளவு காட்டுகிற புலப்படத்திலும் சரிவு கிடையாது. மேடுபள்ளம் காட்டுகிற டோப்போ ஷீட் வரைபடத்தில் 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு சமவுயரக் கோடு, அதில் 10 சென்ட் நிலம் எங்கே தெரியப்போகிறது? கடைசியில் ஓடையோர மனை யார் தலையில் விழும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. குன்னூர் போகிற வழியில் பார், ரோட்டிலிருந்து ஒரு மாடியாகத் தெரிகிற கட்டடம் பள்ளத்துப் பக்கம் மூன்று மாடியாக நிற்கும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். நீ அப்போது சின்னப் பிள்ளை. மலையில் ஒரு ரோடு என்றால் மேல்பக்கம் வெட்டு, கீழ்ப்பக்கம் தடுப்புச் சுவர், சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை. இதில் ஒன்றை விட்டாலும் மேல்வீடு கீழ்வீட்டுக் கூரையில்தான். இந்தச் செலவை உங்கள் ஸ்கீமில் யார் கணக்கில் எழுதுவார்கள் என்பதையும் கேட்டு வை.

அதனால் மாவட்டம் முழுவதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. ஒரே ஒரு சர்வே எண், அதிலுள்ள உட்பிரிவுகள், அவ்வளவு போதும். ஒவ்வொன்றுக்கும் சரிவை நாமே அளந்து, பரப்பை வைத்துப் பங்கு போட்டால் யாருக்கு என்ன வரும், சரிவையும் சேர்த்துப் போட்டால் என்ன வரும் என்று இரண்டு பட்டியல் போடு. லெவல் கருவி ஒன்று இரவல் கேட்டு வைத்திருக்கிறேன். நிலத்துக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன், ஆனால் அளவு எதற்கு என்று நீதான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்பா ரிட்டையர் ஆனவன், என் பேச்சை யார் நம்புவது?

மழை நின்றபின் ஜனவரியில் வா. உன் தோழிகள் காரில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்கச் சொல், மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ் ஏறினால் அது வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவர வேண்டாம், செக்போஸ்டில் பிடுங்கிவிடுவார்கள்.

அன்புடன்,
அப்பா